பதில் சொல்லாமல் திரும்பும் செயற்கூறு

பள்ளி அறிவியல் விழாவுக்காக நீங்கள் ஒரு சிறிய கருவி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்ணை அது பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கு ஏற்ப, வரிசையாக இருக்கும் ஐந்து விளக்குகளில் ஒன்றை எரியவிட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் படிநிலைகள்தாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவை ஒரே மாதிரியானவை. 50 வரை நல்ல நிலை. 51 முதல் 100 வரை மிதமான நிலை. 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்ற நிலை. 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. 300-ஐத் தாண்டிவிட்டால் அபாயகரமான நிலை.

ஆர்டுவினோ பலகை ஒன்றை வாங்கி, சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதுகிறீர்கள். அதில் 'நிலை' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. ஃபங்ஷன் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதுதான். குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் அது 1 முதல் 5 வரை ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். நிரல்மொழியில் எழுதுவதை இங்கே தமிழில் சொல்கிறேன்:

எண் 50 அல்லது அதற்குக் கீழ் என்றால், ரிட்டர்ன் 1
எண் 100 அல்லது அதற்குக் கீழ் என்றால், ரிட்டர்ன் 2
எண் 200 அல்லது அதற்குக் கீழ் என்றால், ரிட்டர்ன் 3
எண் 300 அல்லது அதற்குக் கீழ் என்றால், ரிட்டர்ன் 4
செயற்கூறு முடிவு

சோதித்துப் பார்க்கிறீர்கள். 42 கொடுத்தால் முதல் விளக்கு எரிகிறது. 87-க்கு இரண்டாவது, 160-க்கு மூன்றாவது, 230-க்கு நான்காவது. எல்லாம் சரி. பெட்டியை மூடி, வண்ணத்தாள் ஒட்டி, ஆசிரியரிடம் ஒப்படைக்கிறீர்கள்.

2013-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் அந்தக் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் 746-ஐ எட்டியது. மூவாரிலும் லெடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு நாளில் உங்கள் கருவி என்ன சொல்லும்?

மேலே உள்ள நான்கு வரிகளையும் இன்னொரு முறை படியுங்கள். 746-க்கு அங்கே பதிலே இல்லை. நான்கு கேள்விகளும் 'இல்லை' என்று முடிந்து, செயற்கூறு எந்த ரிட்டர்னையும் சந்திக்காமல் தன் கடைசி வரியைத் தாண்டிவிடுகிறது. கருவி எந்த நாளுக்காகச் செய்யப்பட்டதோ, அந்த நாளுக்கான வரிதான் விடுபட்டிருக்கிறது.

இந்த ஓட்டையை நிரல் ஓடுவதற்கு முன்பே ஒருவரால் கண்டுபிடிக்க முடியும். அவர்தான் கம்பைலர், அதாவது நீங்கள் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். 'மதிப்பைத் திருப்பித் தர வேண்டிய செயற்கூற்றின் முடிவை நிரலோட்டம் எட்டிவிடுகிறது' என்ற பொருளில் அது ஓர் எச்சரிக்கை விடும். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. 'பிழை இல்லை, எச்சரிக்கை மட்டும்தானே, நிரல் ஓடுகிறதே' என்று விட்டுவிடுகிறார்கள்.

மேசைமேல் மிஞ்சிய கோப்பை

ஒரு செயற்கூறு விடையைத் திருப்பித் தருகிறது என்கிறோம். எங்கே தருகிறது? செயலிக்குள் ரெஜிஸ்டர் எனப்படும் மிகச் சிறிய நினைவறைகள் சில உண்டு. 'முழு எண் விடையை இந்த ரெஜிஸ்டரில் வைத்துவிட்டுப் போ. அழைத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்' என்று முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருக்கும். இன்டெல் வகைக் கணினிகளில் அது இஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டர். கைத்தொலைபேசிகளில் உள்ள 32-பிட் ஆர்ம் செயலிகளில் ஆர்0. ஆர்டுவினோ யூனோவில் உள்ள சின்னஞ்சிறு 8-பிட் செயலியில் ஆர்24, ஆர்25 என்ற இரண்டும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

கோப்பிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காம் மேசையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் சொல்கிறீர்கள். கடைக்காரர் கோப்பையைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைப்பார், நீங்கள் எடுத்துக் குடிப்பீர்கள். அவர் மறந்துவிட்டால்? மனிதர்களாகிய நாம் மேசையைப் பார்த்து, 'இன்னும் வரவில்லையே' என்று கேட்போம். செயலிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான்காம் மேசையில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வாயில் ஊற்றிக்கொள்ளும். முன்பு உட்கார்ந்திருந்தவர் பாதி குடித்து வைத்த கோப்பி ஓவாக அது இருந்தாலும் சரிதான்.

ரெஜிஸ்டர் ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. வேறு ஏதாவது கணக்கின் மிச்சம் அதில் கிடக்கும். ரிட்டர்ன் இல்லாமல் செயற்கூறு முடிந்தால், அழைத்தவருக்கு அந்த மிச்சம்தான் விடையாகக் கிடைக்கும். நம்முடைய பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. செயற்கூற்றுக்குள் எண்ணை அனுப்புவதற்கும் யூனோவில் அதே ஆர்24, ஆர்25 ஜோடிதான் பயன்படுகிறது. எனவே உள்ளே போன 746 அப்படியே விடையாக வெளியே வந்துவிடலாம். ஐந்து விளக்குகள் இருக்கும் வரிசையில் 746-ஆவது விளக்கை எரியவிடு என்று நிரல் கட்டளையிடும். அப்படி ஒரு விளக்கே கிடையாது. நினைவகத்தில் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தைப் படித்து, அங்கே இருப்பதை விளக்கின் எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

தற்செயலாகச் சரியாக வரும் விடை

குப்பை விடை வந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். அதைப் பார்த்து விழித்துக்கொள்ளலாம். சரியான விடை வருவதுதான் ஆபத்து.

இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் யூக்ளிட் முறையைக் கணிதப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து மீதியைக் காண வேண்டும். பிறகு சிறிய எண்ணையும் அந்த மீதியையும் வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். மீதி 0 ஆனதும், கையில் இருக்கும் எண்தான் விடை. 48, 18 என்று தொடங்கினால் 18, 12 ஆகும். பிறகு 12, 6. பிறகு 6, 0. விடை 6. இதை நிரலாக எழுதினால் இரண்டே வரிகள்:

இரண்டாம் எண் 0 என்றால், ரிட்டர்ன் முதல் எண்
இரண்டாம் எண்ணையும் மீதியையும் கொடுத்து இதே செயற்கூற்றை அழை

இரண்டாவது வரியைக் கவனித்தீர்களா? அழைக்கச் சொல்கிறோம். வந்த விடையை மேலே அனுப்பச் சொல்லவில்லை. அந்த வரியின் முன்னால் ரிட்டர்ன் இல்லை. தொடக்கத்திலேயே இரண்டாம் எண் 0 ஆக இருந்தால் ஒழிய, இந்தச் செயற்கூறு வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஆனால் பழைய கம்பைலர் ஒன்றில், வேகப்படுத்தும் வசதிகளை அணைத்துவிட்டு இதை ஓட்டினால் பெரும்பாலும் 6 என்றே வரும்! காரணம் எளிது. கடைசியாக ஓடிய அழைப்பு 6-ஐ விடைக்குரிய ரெஜிஸ்டரில் வைத்தது. அதற்கு மேலே இருந்த அழைப்புகள் எதுவும் செய்யாமல் திரும்பியதால் அந்த 6 அழியாமல் கிடந்தது. நடுவில் ஒரு சிறு கூட்டல் வரியைச் சேருங்கள், அல்லது வேறு பலகைக்கு மாற்றுங்கள். விடை மாறிப்போகலாம். அப்போது நீங்கள் நேற்று சேர்த்த கூட்டல் வரியைச் சந்தேகிப்பீர்கள். பல மாதங்களுக்கு முன் எழுதிய செயற்கூறு உங்கள் நினைவுக்கே வராது.

இது ஒன்றும் புதிய வியாதி அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் என்பவர், சி மொழி நிரல்களில் ஒளிந்திருக்கும் குறைகளைத் தேடிக் காட்ட 'லின்ட்' என்ற கருவியை உருவாக்கினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் நூல்தூசைக் குறிக்கும் சொல் அது. ஒரு செயற்கூறு சில இடங்களில் விடை தந்து, சில இடங்களில் தராமல் திரும்புவதையும் லின்ட் கண்டுபிடித்துச் சொன்னது. 1978-இல் அவர் எழுதிய விளக்கக் கட்டுரையில், விடை தராத செயற்கூற்றின் விடையைப் பயன்படுத்தும் பிழை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்களிலும் காணப்பட்டதை வியப்போடு குறிப்பிடுகிறார். வேண்டிய எண் தற்செயலாக அந்த ரெஜிஸ்டரிலேயே கணக்கிடப்பட்டிருந்ததாம்.

சி மொழி ஏன் இதை அனுமதித்தது?

நியாயமான கேள்விதான். விடை தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போவதைப் பிழை என்று அறிவித்து, நிரலை ஏற்க மறுத்திருக்கலாமே?

டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கியபோது, 'இந்தச் செயற்கூறு எதையும் திருப்பித் தராது' என்று சொல்ல அதில் தனிச் சொல் இல்லை. விடையின் வகையைக் குறிப்பிடாமல் விட்டால், அது முழு எண் தருவதாகவே மொழி எடுத்துக்கொண்டது. ஆகவே திரையில் ஒரு வரியை அச்சிடுவதற்காக மட்டும் எழுதிய செயற்கூறும் பெயரளவில் முழு எண் தருகிற செயற்கூறுதான். அவற்றையெல்லாம் பிழை என்று தள்ளினால் அன்று எழுதப்பட்டிருந்த நிரல்களில் பாதி செல்லாமல் போயிருக்கும். பின்னர் 'வாய்ட்' என்ற சொல் வந்தது. வெறுமை என்று பொருள். எதுவும் தராத செயற்கூற்றுக்கு அதை எழுத வேண்டும். 1989-இல் வந்த சி மொழித் தரநிலையில் அது இடம்பெற்றது. வகையைக் குறிப்பிடாமல் விடும் பழைய சலுகையை 1999-ஆம் ஆண்டுத் தரநிலை நீக்கியது. ஆனாலும் ரிட்டர்ன் இல்லாமல் முடிவதைப் பிழையாக்கவில்லை. அழைத்தவர் அந்த விடையைப் பயன்படுத்தாதவரை தொல்லை இல்லை, பயன்படுத்தினால் நடத்தை வரையறுக்கப்படாதது என்று சி மொழி சொல்கிறது. சி பிளஸ் பிளஸ் இன்னும் கடுமையானது. விடையைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், அப்படி முடிவைத் தாண்டினாலே நடத்தை வரையறுக்கப்படாதது.

வரையறுக்கப்படாத நடத்தை என்றால் 'ஏதோ ஒரு குப்பை எண் வரும்' என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எது நடந்தாலும் அதற்கு மொழி பொறுப்பல்ல என்பதுதான் அதன் பொருள். இந்த வேறுபாடு 2018-இல் பலருக்கு உறைத்தது. அந்த ஆண்டு ஜிசிசி என்ற புகழ்பெற்ற இலவசக் கம்பைலரின் 8-ஆம் பதிப்பு வெளிவந்தது. சி பிளஸ் பிளஸ் நிரல்களில் அது ஒரு புதிய முடிவை எடுத்தது: 'விடை தர வேண்டிய செயற்கூற்றின் முடிவை நிரலோட்டம் எட்டவே எட்டாது. ரிட்டர்ன் இல்லாத பாதை இருந்தால், அந்தப் பாதையில் யாரும் வரமாட்டார்கள் என்று நிரல் எழுதியவர் உறுதி தருகிறார்.'

இதை நம் புகைமூட்டப் பெட்டியில் பொருத்திப் பாருங்கள். 'எண் 300-க்கு மேல் என்றால் ரிட்டர்ன் இல்லை. ஆகவே எண் 300-க்கு மேல் வரவே வராது. அப்படியென்றால் 300 அல்லது அதற்குக் கீழா என்று கேட்பதே வீண் வேலை. 200-ஐத் தாண்டிய எல்லாவற்றுக்கும் 4 என்று சொல்லிவிடலாம்.' கம்பைலர் இப்படி யோசித்து அந்தச் சோதனையையே நீக்கிவிடலாம். இப்போது 746 என்ற எண்ணுக்கு நான்காவது விளக்கு அழகாக எரியும். குப்பை இல்லை, தடங்கல் இல்லை. அபாயகரமான காற்றை ஒரு படி குறைத்துச் சொல்லும் கருவி தயார். ரிட்டர்னே இல்லாத செயற்கூறாக இருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. திரும்பிப் போகும் கட்டளையையே கம்பைலர் எழுதாமல் விட்டுவிடலாம். அப்போது செயலி நினைவகத்தில் அடுத்து இருக்கும் வேறொரு செயற்கூற்றின் கட்டளைகளுக்குள் நேராக நடந்து போய்விடும். யூனோ பலகையில் ஒழுங்காக ஓடிய நிரல், புதிய கம்பைலர் பயன்படும் இஎஸ்பி32 போன்ற பலகைக்கு மாற்றியதும் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனால், பலகையைக் குறை சொல்வதற்கு முன் ரிட்டர்ன்களை எண்ணிப் பாருங்கள்.

மற்ற மொழிகள் இந்த விஷயத்தில் பலவிதம். ஜாவாவும் சி ஷார்ப்பும் இதைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு நிரலை ஏற்க மறுக்கும். பைத்தான் எதிர்த்திசை. ரிட்டர்ன் இல்லாமல் முடிந்தால் 'நன்' என்ற, எதுவுமில்லை எனப் பொருள்படும் மதிப்பை அதுவே அனுப்பிவிடும். அச்சிட வேண்டிய இடத்தில் இந்தச் சொல் எட்டிப் பார்ப்பதைப் பைத்தான் கற்கும் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். அது குப்பை அல்ல, 'இங்கே விடை வரவில்லை' என்ற தெளிவான செய்தி. நான்காம் மேசை ஒவ்வொரு முறையும் துடைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜாவாவின் கண்டிப்புக்கும் ஒரு விலை உண்டு. 'எண் 0-க்குக் கீழ் என்றால் ரிட்டர்ன் 1. எண் 0 அல்லது அதற்கு மேல் என்றால் ரிட்டர்ன் 2' என்று எழுதுங்கள். எந்த முழு எண்ணும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜாவாவோ நிபந்தனைகளின் பொருளை ஆராயாமல், 'இரண்டும் பொய்யானால்?' என்று கேட்டு மறுத்துவிடும். இது சோம்பல் அல்ல. ஒரு நிரலைக் கொடுத்தால் அது என்றாவது நிற்குமா, நிற்காதா என்று எல்லா நிரல்களுக்கும் தவறாமல் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இல் நிறுவினார். ஒரு குறிப்பிட்ட பாதையில் நிரலோட்டம் என்றாவது வருமா என்ற கேள்வியும் அதே இனத்தைச் சேர்ந்தது. எனவே எந்தக் கம்பைலரும் ஓரளவு ஊகம் செய்துதான் ஆக வேண்டும். ஜாவா சந்தேகத்தின் பக்கம் நின்று தடுக்கிறது. சி குடும்பம் எச்சரித்துவிட்டு வழிவிடுகிறது.

எச்சரிக்கையின் வாயைத் திறந்துவிடுங்கள்

ஆர்டுவினோவின் நிரல் எழுதும் மென்பொருளில் எச்சரிக்கைகள் தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டிருக்கின்றன. புதியவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எச்சரிக்கை மிக அதிகமாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தானே? விருப்பத்தேர்வுகள் பகுதிக்குப் போங்கள். கம்பைலர் எச்சரிக்கைகள் என்ற இடத்தில் 'எதுவும் வேண்டாம்' என்று இருப்பதை 'எல்லாம்' என்று மாற்றுங்கள். கணினியில் ஜிசிசியைக் கட்டளை வரியில் பயன்படுத்துகிறவர்கள், ஒரு சிறுகோடு போட்டு, பெரிய எழுத்து டபிள்யூவையும் அதோடு ஒட்டி 'ஆல்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சி மொழி நிரல்களில் இதைச் சேர்க்காவிட்டால், முடிவைத் தாண்டும் பாதையைப் பற்றி ஜிசிசி வாய் திறக்காது. சி பிளஸ் பிளஸ் நிரல்களில் 8-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே சொல்கிறது.

எச்சரிக்கை வந்ததும் வரி எண்ணைப் பார்ப்பீர்கள். அந்த வரிக்குப் போனால் செயற்கூற்றை மூடும் அடைப்புக்குறி மட்டும் தனியாக நிற்கும். 'இதில் என்ன தவறு?' என்று குழம்ப வேண்டாம். 'ஒருவர் இந்த வாசல் வழியாக வெறுங்கையோடு வெளியேற முடியும்' என்று கம்பைலர் வாசலைக் காட்டுகிறது. அவர் எந்த வழியாக அந்த வாசலுக்கு வந்தார் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். தேடும் முறை இது. எல்லா நிபந்தனைகளுக்கும் 'இல்லை' என்று பதில் சொல்லிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். லூப் இருந்தால், அது ஒருமுறைகூட ஓடவில்லை என்று வைத்துக்கொண்டு வாருங்கள். ரிட்டர்னைச் சந்திக்காமல் வாசலை அடைந்துவிட்டால் அதுதான் கம்பைலர் சொன்ன பாதை.

ரிட்டர்ன் 0 போட்டு மூடிவிடாதீர்கள்

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அவசரத் தீர்வு, கடைசி வரியாக 'ரிட்டர்ன் 0' சேர்ப்பது. எச்சரிக்கை மறைந்துவிடும். கேள்வி மறையாது.

ஒரு பெயர்ப் பட்டியலில் ஒருவரின் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடும் செயற்கூறு இருக்கிறது. லூப் ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறது. பெயர் பொருந்தினால் அந்த இடத்தின் எண்ணை ரிட்டர்ன் செய்கிறது. பட்டியல் முடிந்தும் பெயர் கிடைக்கவில்லை என்றால்? அங்கே எதுவும் எழுதவில்லை, கம்பைலர் எச்சரிக்கிறது, நீங்கள் ரிட்டர்ன் 0 போடுகிறீர்கள். சி மொழியில் பட்டியல்கள் 0-இல்தான் தொடங்குகின்றன. ஆகவே 'பெயர் இல்லை' என்ற விடையும் 'பட்டியலின் முதல் பெயர்' என்ற விடையும் ஒன்றாகிவிட்டன. பட்டியலில் இல்லாதவரைத் தேடினால் முதலில் இருப்பவரின் மதிப்பெண் வந்து நிற்கும். இத்தகைய இடத்தில் -1 அனுப்புவது நெடுநாள் வழக்கம், ஏனென்றால் -1 என்ற இடம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அழைக்கும் பக்கத்தில், வந்த எண் -1-ஆ என்று சோதிக்கவும் மறக்கக் கூடாது.

சில நேரம் திருத்தம் இதைவிட எளிது. திரையில் எதையோ அச்சிடுவதற்கு மட்டும் செயற்கூறு எழுதி, பழக்கத்தால் முழு எண் வகை போட்டிருந்தால், அதை வாய்ட் என்று மாற்றினால் போதும். கூட்டுத்தொகையைச் சரியாகக் கணக்கிட்டு, திரையிலும் அச்சிட்டுவிட்டு, ரிட்டர்ன் செய்ய மறந்திருந்தால் அந்த ஒரு வரியைச் சேருங்கள். அச்சிடுவது மனிதர் படிப்பதற்கு, ரிட்டர்ன் நிரலின் மற்ற பகுதி பயன்படுத்துவதற்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் வகுப்பறைகளில் மிகவும் பரவலான குழப்பம். யூக்ளிட் செயற்கூற்றுக்கு இரண்டாவது வரியின் முன் ரிட்டர்ன் என்ற ஒரே ஒரு சொல் தேவை.

'இந்தப் பாதை வரவே முடியாது' என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும் இடங்களும் உண்டு. சாலை விளக்குக்கு மூன்றே நிறங்கள், மூன்றுக்கும் ரிட்டர்ன் எழுதியாகிவிட்டது, ஆனாலும் எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏதோ ஒரு நிறத்தை அனுப்பிச் சமாளிக்காதீர்கள். கணினி நிரல் என்றால், அந்த இடத்தில் ஒரு செய்தியை அச்சிட்டு நிரலை நிறுத்திவிடுங்கள். அதற்குச் சி மொழியில் 'அபோர்ட்' என்ற கட்டளை இருக்கிறது. வர முடியாதது வந்துவிட்டால் அது உடனே தெரிந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. நிரல் தொடங்கும் இடமான 'மெயின்' செயற்கூற்றில் ரிட்டர்ன் இல்லாவிட்டால், 0 அனுப்பியதாகவே சி பிளஸ் பிளஸும், 1999-க்குப் பிந்தைய சி மொழியும் எடுத்துக்கொள்கின்றன. இயங்குதளத்துக்கு 0 என்றால் 'வேலை நல்லபடியாக முடிந்தது' என்று பொருள். அதனால் அங்கே எச்சரிக்கை வராது.

இனி நம் பெட்டிக்கு வருவோம். நான்கு வரிகளுக்குப் பின் 'ரிட்டர்ன் 5' சேர்த்தால் 401-க்கும் 746-க்கும் ஐந்தாவது விளக்கு எரியும். கம்பைலரும் திருப்தியாகிவிடும். ஆனால் உணரியின் கம்பி கழன்று, குறியீட்டு எண்ணாக -1 வந்தால்? முதல் வரியிலேயே '50 அல்லது அதற்குக் கீழ்' என்ற நிபந்தனை பொருந்தி, காற்று நன்றாக இருப்பதாக முதல் விளக்கு எரியும். இதைப் பற்றிக் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. எல்லாப் பாதையிலும் பதில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. பதில் சரியா என்று அதற்குத் தெரியாது. எண் 0-க்குக் கீழ் என்றால் ரிட்டர்ன் 0 என்று முதல் வரியாகச் சேர்த்து, 0 வந்தால் எல்லா விளக்குகளும் மின்னும்படி செய்யலாம். இங்கே 0 சரியான விடைதான், ஏனென்றால் 1 முதல் 5 வரையுள்ள எந்த நிலையோடும் அது மோதவில்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி. இரண்டு முழு எண்களில் பெரியதைத் தரும் செயற்கூற்றை ஒரு மாணவி இப்படி எழுதினார்: 'முதல் எண் இரண்டாம் எண்ணைவிடப் பெரியது என்றால், ரிட்டர்ன் முதல் எண். இரண்டாம் எண் முதல் எண்ணைவிடப் பெரியது என்றால், ரிட்டர்ன் இரண்டாம் எண்.' கம்பைலர் மூடும் அடைப்புக்குறியைக் காட்டி எச்சரித்தது. எந்த எண்களைக் கொடுத்தால் அவருடைய செயற்கூறு பதில் சொல்லாமல் திரும்பும்? அங்கே எதை ரிட்டர்ன் செய்ய வேண்டும்?